பினாங்குக் கையெழுத்து

அந்த நாளில் திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் நாலு நிட்டிங் மிஷினும் பத்துப் பன்னிரண்டு தையல் மிஷினும்தான். காதர்பேட்டைப் பக்கம் கந்தவேல் நடத்திய கம்பெனியும் அவ்வளவுதான். ஆனால் அங்கே தைத்தது நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனது. அரைக்கை, மூன்று பொத்தான், இரண்டு அங்குலம் கூடுதல் நீளம். ரப்பர் தோட்டத்து ஆட்கள் குனிந்து வேலை செய்கையில் முதுகு தெரியக்கூடாதென்று பினாங்குக் கடைக்காரர் சாமியப்பன் கேட்ட நீளம் அது.

சாமியப்பன் திருப்பூருக்குப் பக்கத்து மங்கலத்துக்காரர். சின்ன வயதிலேயே கப்பலேறியவர். அவரைக் கந்தவேலும் பார்த்ததில்லை, மனைவி அமராவதியும் பார்த்ததில்லை. எல்லாம் கடிதத்தில்தான். கந்தவேலின் எழுத்து அவருக்கே புரியாது என்பதால் எட்டாவது வரை படித்த அமராவதிதான் எழுதுவாள். கீழே கணவன் பெயரையும் அவளே போடுவாள்.

பினாங்கிலிருந்து வரும் கடிதங்களை ஆறு வருஷமாக அவள்தான் உடைத்தாள். சரக்கு விவரம் முடிந்ததும் கடைசியில் எப்போதும் இரண்டு வரி இருக்கும். 'இங்கே நாலு நாளாக மழை. நட்ட முருங்கை வேர் பிடிக்கவே மாட்டேனென்கிறது.' அமராவதியும் பதிலுக்கு நொய்யலில் வெள்ளம் வந்ததை எழுதுவாள், பெரிய மகளுக்கு அம்மை வார்த்ததை எழுதுவாள். "சாமியப்பனுக்கு ரொம்ப எளகின மனசுங்க. முருங்கைக்கெல்லாம் வருத்தப்படறாரு" என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை கடைசியில் பதினாலு பேலாகக் கட்டிய சரக்கை நாகப்பட்டினத்துக்கு ரயிலேற்றினார்கள். மறுவாரம் தந்தி வந்தது. 'காய்ச்சல். கடை அடைப்பு. சரக்கு வேண்டாம்.'

அப்புறம்தான் சேதி ஒவ்வொன்றாக வந்தது. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஒரு விஷக்காய்ச்சல் கப்பலேறி மெட்ராசுக்கே வந்துவிட்டதாம். வந்த கப்பல்களைத் துறைக்குள் விடாமல் நிறுத்திச் சோதிக்கிறார்களாம். பதினைந்தே நாளில் அது திருப்பூருக்கும் வந்தது. தைக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் படுத்தார்கள். கந்தவேலும் படுத்தார். மிஷின் சத்தமில்லாத தெருவை அமராவதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. அந்த அமைதி அவளுக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது.

நாகப்பட்டினத்து ஏஜெண்டு எழுதியிருந்தார்: கப்பலில் ஏற்றவில்லை, சரக்குக் குடோனில் கிடக்கிறது, கடல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கணவனுக்கு ஜுரம் இறங்கியதும் அமராவதி மாமியாரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினாள். துணைக்குத் தையல்காரி மயிலாள். குடோனில் அடியில் கிடந்த இரண்டு பேலைப் பிரித்தபோது வெள்ளைத்துணியில் சாம்பல் புள்ளிகள். இரண்டு பெண்களும் தாங்கள் தங்கியிருந்த சத்திரத்து மொட்டை மாடியில் டஜன் டஜனாகக் காயப்போட்டார்கள். காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் செங்கல் வைத்தார்கள்.

"அம்மா, திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. இல்லேன்னா இங்கேயே வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்றார் ஏஜெண்டு.

"இன்னொரு வாரம் பாக்கறமுங்க. அந்த நீளம் வேற யாருக்கும் ஆகாது" என்றாள் அமராவதி.

பத்தாம் நாள் கந்தவேலே குடோனுக்கு வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையில் பினாங்கு ஆகாயத் தபால்.

"அதே கையெழுத்துத்தான் அம்மிணி. மனுசன் நல்லாருக்கறாராட்ட இருக்குது. நீயே ஒடைச்சுப் படி."

அமராவதியும் உறையைப் பார்த்ததுமே நிம்மதியாக மூச்சு விட்டாள். றகரத்தின் காலை நீளமாகச் சுழிக்கும் அதே எழுத்து. பிரித்துப் படித்தாள்.

'என் கணவர் சாமியப்பன் சென்ற மாதம் பதினெட்டாம் தேதி இந்தக் காய்ச்சலில் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்துவிட்டேன். சரக்கு கெடாமல் இருந்தால் கப்பல் எடுக்கும்போது அனுப்பவும். இப்படிக்கு, சென்னம்மாள்.'

அமராவதி இரண்டு தரம் படித்தாள். பிறகு பேல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அம்மிணி?"

"அவரு போயிட்டாருங்க. ஆனா எழுதினது அவரில்லீங்க. எப்பவுமே அவரில்லீங்க. அந்த முருங்கை, மழை, எல்லாம் இந்தம்மாதானுங்க."

மயிலாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கந்தவேலுக்கு விளங்கியது. ஏஜெண்டிடம் தாளும் பேனாவும் வாங்கிவந்து மனைவி மடியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவள் எழுதினாள். 'சென்னம்மாள் அவர்களுக்கு. இத்தனை வருஷமும் உங்களுக்கு எழுதியது நான்தானுங்க. பன்னிரண்டு பேல் நன்றாக இருக்கிறது. இரண்டை மறுபடி வெளுத்து அனுப்புகிறோம். தனியாக இருக்கிறோமென்று நினைக்காதீர்கள்.' கீழே, வியாபாரக் கடிதத்தில் முதல் தடவையாக, 'அமராவதி' என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது. அப்படியே மடித்து அனுப்பினாள்.

ஆடியில் கப்பல் சரக்கெடுத்தது. சென்னம்மாள் அந்தக் கடையை அப்புறம் பதின்மூன்று வருஷம் நடத்தினாள். திருப்பூரில் காய்ச்சலோடு மூடிய சில கம்பெனிகள் மூடினபடியே கிடக்க, கந்தவேல் கம்பெனி மட்டும் இன்னும் ஆறு மிஷின் போட்டது.

அறுபத்தாறில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு வந்த சென்னம்மாள் திருப்பூரில் மூன்று நாள் தங்கினாள். கறுத்த, குள்ளமான, சத்தமாகப் பேசுகிற பொம்பளை. கடிதத்து ஆளுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அமராவதிக்குத் தோன்றியது. ஸ்டேஷனில் கட்டிக்கொண்டு அழுவோம் என்று நினைத்திருந்தாள். இரண்டு பேரும் வெட்கப்பட்டுப் பெட்டி படுக்கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் சென்னம்மாள் ஒரு பனியனை எடுத்துக் கழுத்தை இழுத்துப் பார்த்தாள்.

"அமராவதி, தப்பா நெனச்சுக்காதீங்க. நாலு தடவ தொவச்சா இது தொங்கிப் போகுதுங்க."

"பதினஞ்சு வருசமா ஏனுங்க ஒரு வார்த்தை எழுதல?"

"உங்க ஊட்டுக்காரரு கோவிச்சுக்குவாருன்னு முதல்ல எழுதல. அப்பறம், எழுதறது நீங்கன்னு தெரிஞ்ச பொறவு எழுத மனசு வரல."

அமராவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சென்னம்மாளும் சிரித்தாள். மிஷின் சத்தத்துக்கு மேலே அந்தச் சிரிப்பு கேட்டு மயிலாள் மிதிப்பதை நிறுத்தினாள். மூன்று பெண்களும் அவள் மிஷினைச் சுற்றி நின்று, தொங்காமல் இருக்கக் கழுத்துக்கு உள்ளே ஒரு துணிப்பட்டை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். முதல் பட்டை கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி தைத்தார்கள்.