வருத்தம் வராத பாவம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் போனில் யாரிடமோ, "மூணு ஓலையும் வாசிச்சாச்சு. பாவசங்கீர்த்தனம்தான் பாக்கி. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணம் கட்டப்போகிறவளுக்கு அப்படி என்ன பயம்? நான் கிறிஸ்தவனில்லை. கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.*

(* பாவசங்கீர்த்தனம்: கோயில் சாமியாரிடம் முழங்காலிட்டுப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. ஓலை: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். எங்கள் தெருவில் இந்த வேலையை டீக்கடையே பார்த்துவிடும்.)

2

மேகமலையின் உச்சியில் வெயில் பொன்னாக—

(அடித்துவிட்டேன். அவள் திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்து குலை வெட்டுகிறவள். அங்கிருந்து மலை தெரியாது.)

யுவராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். கோயிலில் தாலி கட்டியவன், கைப்பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு ஏலத்தோட்ட வேலைக்கென்று கேரளாவுக்குப் போனான். திரும்பவில்லை. பிறகுதான் முத்துவீரன் வந்தான். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன், இந்து. அந்தப் பிள்ளைக்கு அவன்தான் அப்பா.

ஆனால் கடவுள் முன் செய்த உடன்படிக்கை ஒருவன் ஓடிப்போனதால் முறியாது என்கிறது திருச்சபை. புருசன் உயிரோடிருக்க இன்னொருவனோடு வாழ்வது பாவம்; அப்படி வாழ்கிறவளுக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது. யுவராணி ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டாள். எல்லாரும் நற்கருணை வாங்க வரிசைக்குப் போகும்போது பெஞ்சிலேயே இருந்து, அவர்கள் தாண்டிப் போவதற்காகக் காலை மடக்கிக்கொள்வாள். மடக்கிய அந்தக் காலை எழுதிய பிறகுதான் எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது.

போன மழைக்காலத்தில், அந்தப் புருசன் குமுளிப் பக்கம் செத்துப்போனதாகச் சேதி வந்தது. இனி முத்துவீரனைக் கோயிலிலேயே கட்டலாம். இந்துவைக் கட்ட ஆயரின் (பிஷப்பின்) அனுமதியும் கிடைத்தது.

3

முதல் பிரதியில் சாமியாரைக் கொடுமைக்காரராக்கியிருந்தேன். அது எனக்கு வசதி, உங்களுக்கும் கோபப்பட ஆள் கிடைக்கும். அடித்துவிட்டேன். இவர் நல்ல மனுசர். சளி பிடித்திருக்கிறது.

(பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாதாம். எனக்கு அந்தக் கட்டுப்பாடு பஸ்ஸிலேயே போய்விட்டது.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் யுவராணி முழங்காலிட்டாள். சின்னச் சின்னப் பாவங்களைச் சொன்னாள். முத்துவீரனோடு வாழ்ந்ததையும் மறைக்கவில்லை. மன்னிப்புக் கிடைக்க மனசார வருந்த வேண்டும் என்று சாமியார் நினைவுபடுத்தினார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப செபத்தைத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"வருத்தம் வரமாட்டேங்குது சாமி. அவுக இல்லேன்னா நானும் பிள்ளையும் இல்ல. வராததை வந்துச்சுன்னு இங்கன வந்து எப்படிச் சொல்ல?"

பொய் சொன்னால் நாளைக்கு வரிசையில் நிற்கலாம். உண்மையைச் சொன்னால் மறுபடியும் பெஞ்சுதான்.

4

முடிவு அ: சாமியார் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: யுவராணி எழுந்து விறுவிறுவென்று வெளியே— (போகமாட்டாள். போகிறவளாக இருந்தால் இத்தனை வருசம் கால் மடக்கியிருக்கமாட்டாள்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் அவளே பேசிவிட்டாள். சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை.

"வேற ஒண்ணுக்கு வருத்தமிருக்கு சாமி. அந்த மனுசன் செத்த சேதி வந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நாதியத்துச் செத்திருக்காரு. நான் அன்னைக்கு வீட்டுல பாயசம் வச்சேன்."

சொல்லிவிட்டு அழுதாள். தன்னை விட்டு ஓடியவனுக்காக அழுத அழுகை அடங்கவேயில்லை.

சாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒன்றுக்கு வருத்தமே இல்லை, இன்னொன்றுக்கு இவ்வளவு அழுகை. இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்திருக்கின்றன. வெளியே முத்துவீரன் வண்டியில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எனக்குத் தெரியவில்லை. சாமியாரையும் அவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மன்னிப்பு உண்டா இல்லையா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவள் இன்னும் முழங்காலில்தான் இருக்கிறாள்.