கடுகின் முதுகு

1
இந்தக் கதை, என் அண்ணி தொலைபேசியில் அழுததிலிருந்து பிறந்தது. அண்ணி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எதற்கும் லேசில் அசையமாட்டார். அவர் அழுததும் பதறினேன். பதற்றம் அடங்கும் முன்பே, ‘இதைக் கதையாக்கலாமே’ என்று தோன்றியது. என்னை மன்னிக்க வேண்டாம்.

முதலில் எழுதிய வரி: கிழட்டுக் கோழிகளின் கண்களில் கொலைவெறி

(முடிக்கவில்லை. அண்ணி படித்தால் சிரிப்பார்.)

2
நடந்ததைச் சொல்கிறேன். அண்ணியின் கொல்லையில் ஒன்பது பெரிய கோழிகள் இஷ்டம்போல் மேய்ந்து திரியும். புதிதாக ஆறு குஞ்சுகள் வாங்கி, அட்டைப்பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வளர்த்தார். இறகு முளைத்ததும் கொல்லையிலேயே கம்பிவலை அடைப்புக்குள் விட்டார். பெரியவையும் சிறியவையும் வலை வழியாகப் பார்த்துப் பழகட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தார். ஆறில் நோஞ்சானுக்குப் பெயர் கடுகு.

அண்ணனுக்குப் பொறுமையில்லை. “என்ன, ஜெயில்ல பாக்கற மாதிரி அந்தப் பக்கம் ஒம்போது, இந்தப் பக்கம் ஆறு? தெறந்து விடேன்.”

“நீங்க சும்மா இருங்க. அவசரப்பட்டா ரத்தம்தான் பாக்கணும்.”

3
திறந்தது ஒரு ஞாயிறு காலை. தீனியை நான்கு இடங்களில் தூவினார். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளப் பலகைகளைச் சாய்த்து வைத்தார். பெரிய கோழிகள் ஆளுக்கொரு கொத்து கொத்தின, குஞ்சுகள் ஒதுங்கிக்கொண்டன. அவ்வளவுதான். அண்ணி டீ போட உள்ளே போனார்.

அந்த நேரத்தில் வலையின் கம்பிமுனை கடுகின் முதுகைக் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்.*

கூச்சல் கேட்டு ஓடிவந்து, கும்பலை விலக்கிக் கடுகைத் தூக்கினார். முதுகில் தோலே இல்லை.

“கொத்தினது பெருசுங்க இல்ல தம்பி,” என்று போனில் விம்மினார். “அதுங்க பாட்டுக்கு மேஞ்சிட்டிருந்துச்சு. இதுகூட ஒரே பெட்டியில ஒட்டிக்கிட்டுத் தூங்குச்சே, அந்த அஞ்சும்தான்.”



* சிவப்பைக் கண்டால் கோழிக்குக் கை சும்மா இருக்காது. (கை இல்லை, அலகு. திருத்தாமலே விடுகிறேன்.)

4
“பெருசுங்கதான் கொத்துச்சுன்னு எழுதிடவா அண்ணி? அதைத்தான் நம்புவாங்க.”

“எழுதிக்கோங்க. என் கண்ணால பாத்ததை நான் என்ன பண்றது?”

எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

5
முடிவு ஒன்று: கடுகு செத்துப்போகிறது. (பொய்.)

முடிவு இரண்டு: ஐந்தும் வருந்தி (கோழி வருந்துமா?)

உண்மையில் கடுகு பிழைத்தது. குளியலறையில் இருபது நாள். முதுகெல்லாம் ஊதா மருந்து. அண்ணியின் உள்ளங்கையிலேயே தின்றது. காயம் ஆறி இறகு மூடியதும், ஒரு விடுமுறை நாளில் வெளியே விட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். உடன்பிறந்த ஐந்தும் விலகி வழிவிட்டன. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தில் ஒன்று, முந்தின நாள் கால் கிழிந்து நொண்டிக்கொண்டிருந்தது. கடுகு நின்று பார்த்தது. நேராகப் போய் அந்தக் காலிலேயே கொத்தியது. மறுபடியும் கொத்தியது. மற்ற நான்கும் தலைதூக்கின, ஓடிவரத் தொடங்கின.

“ஐயோ தம்பி, என்ன இது!” அண்ணி குனிந்துவிட்டார், இரண்டு கைகளையும் நீட்டி.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவர் எதை முதலில் தூக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.