கடைசி ஆட்டம் மாமாவுக்கும் மச்சானுக்கும்

அந்த ரெஸ்லிங் கம்பெனியில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை முதலாளி முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். வீரர்களுக்கு அது தெரியும், பார்க்க வருகிறவர்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். யாருக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் எந்த ஆட்டத்துக்கு ஜனம் எழுந்து நிற்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். கோளாறு அங்கேதான். அவரைப் பொறுத்தவரை நூறு கிலோவுக்குக் கீழே இருப்பவன் வீரனே இல்லை. ஜனம் நாற்காலி தேடி உட்காரும்வரை பொழுதைப் போக்குகிறவன்.

அப்படிப் பொழுதைப் போக்கியவர்களில் இருவர் ஊசியும் பம்பரமும். ஊசி, கம்பெனியில் படம் தொகுக்கிறவளின் கூடப்பிறந்த தம்பி. பம்பரம், அவளைக் கட்டிக்கொண்டவன். மூன்று பேரும் அவள் அம்மா வீட்டில், இருக்கிற ஒரே குளியலறைக்கு முட்டி மோதிக்கொண்டு வாழ்ந்தார்கள். போஸ்டரில் இந்த இருவரின் முகமும் தபால்தலை அளவில், வண்டி நிறுத்துமிட அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். முப்பதைத் தாண்டிய பம்பரத்தை வர்ணனையாளர் 'இந்தச் சின்னப் பையன்' என்பார். எடையை அறிவிக்கும்போது முதலாளியின் உத்தரவுப்படி ஏழெட்டுக் கிலோ கூட்டிச் சொல்வார்கள்.

ஒருநாள் பம்பரம் கயிற்றின் உச்சியில் ஏறி, அந்தரத்தில் சுழன்று, ரிங்குக்கு வெளியே நின்ற ஊசியின் மேல் விழுந்தான். பார்த்த சிலர் வாயைப் பிளந்தார்கள். மறுநாள் காலை அவள் தொகுப்பறையில் அந்த இடத்தைத் தேடினாள். ஒரு கேமரா சாம்பியனின் அறைக்கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பாப்கார்ன் வாங்கும் ஒரு குடும்பத்தை. ரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கேமராவில் இரண்டு கால்கள் மேலே போயின. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

அந்த நேரத்தில் வீட்டில் பம்பரம் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். "எப்படி வந்திருக்கு?" என்று போனில் ஆசையாகக் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், நேத்து அவர் தாவினது எந்த கேமராலயும் இல்ல."

"அதனால என்னம்மா? அடுத்த வாரமும் தாவத்தானே போறான்."

"யாரு தாவுறான், எதுக்குத் தாவுறான்னு தெரிஞ்சாத்தானே சார் ஜனம் பார்க்கும்? அவங்க யாருன்னே நாம சொன்னதில்லையே."

"யானை பார்க்க வந்தவனுக்கு எலியைக் காட்டச் சொல்றியா?"

"எலிக்கு ஒரு கதை இருந்தா எலியையும் பார்ப்பாங்க சார்."

முதலாளி ஒரு காலத்தில் தானே யானையாக இருந்தவர். வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, ஒரு படம் எடு. ஜனம் கொட்டாவி விட்டுச்சுன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

"கேமராவைப் பின்னாடி தள்ளி வைக்கணும் சார். எடையையும் உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"உண்மையான எடையா? மானம் போயிடும்மா!"

"போனா அவங்க மானம்தானே சார்."

முதலாளியோடு பேசியதைவிட வீட்டில் பேசியதுதான் கடினமாக இருந்தது.

"ஒரு ஆட்டத்துல எத்தனை தாவு தாவுறீங்க? ஒண்ணாவது யாருக்காவது ஞாபகம் இருக்குமா?" என்று புருஷனிடம் கேட்டாள். "உப்பு ருசியா இருக்குன்னு தட்டு நிறைய உப்பையே கொட்டுவாங்களா?"

பம்பரத்தின் முகம் சுருங்கிவிட்டது. "என்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் விட்டுட்டா நான் வெறும் ஒல்லிப்பய."

"விட வேண்டாம். ஒரே ஒரு தடவை தாவுங்க. எப்ப வரும் எப்ப வரும்னு ஜனம் தவிக்கணும்."

ஊசி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீ சிரிக்காதே. மாமா மேல உனக்குக் கோபம்னு யாராவது நம்புவாங்களா? பல்லு தேய்க்கப் போற மாதிரி சண்டைக்குப் போறே."

"கோபம் இல்லையா? இந்த ஆள் மேலயா?" என்றான் ஊசி. "கேமராவை வை அக்கா, சொல்றேன்."

சமையலறை மேசைமேல் கேமராவை வைத்தாள். அவன் பேச ஆரம்பித்தான்.

"பயிற்சி முடிஞ்சு பசிக்குதுன்னான். பாவமேன்னு சாப்பிடத்தான் கூட்டிட்டு வந்தேன். அம்மா சாப்பாடு போட்டாங்க, அக்கா தண்ணி வெச்சா. அப்புறம் தினமும் அவனுக்குப் பசிச்சுது." அதுவரை சிரித்துக்கொண்டே சொன்னவன் சிரிப்பை நிறுத்திவிட்டு கேமராவை நேராகப் பார்த்தான். "என் சிநேகிதன். கூட இருந்தே குழி பறிச்சுட்டான். கட்டிக்கிட்டது தப்பில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஊரே சொல்லி நான் கேட்டேன்."

வாசற்படியில் நின்ற பம்பரம் தலைகுனிந்துகொண்டான். இத்தனை வருஷமாக இருவரும் கேலியாகவே கடந்துபோன பேச்சு அது. அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்: "அடிச்சுக்கறதுன்னா அங்க போய் அடிச்சுக்கோங்க. மாப்பிள்ளை, உங்களையும்தான் சொல்றேன். இங்க பாத்திரம் உடையும்."

படத்தைத் தொகுக்கும்போது அக்கா அதையும் வெட்டாமல் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நிகழ்ச்சியில், ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை. மாமியாரின் குரலுக்கு அரங்கமே குலுங்கியது. 'ஒரு வார்த்தை சொல்லலையே' என்ற இடத்தில் பாப்கார்ன் விற்கிறவன்கூட நின்று திரும்பிப் பார்த்தான். இருவரும் ரிங்குக்குள் ஏறியபோது ஜனம் முதல்முறையாக அவர்கள் கால்களைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தது.

அதற்குப் பிறகு பம்பரத்தால் நிம்மதியாகக் கடைக்குப் போக முடியவில்லை. மருந்துக்கடை அம்மாள் சில்லறை கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்ப்பா, சிநேகிதன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?" பஸ்ஸில் கண்டக்டர் அவன் பக்கம் பேசினார்: "விடுங்க சார், சொல்லியிருந்தா கல்யாணம் நடந்திருக்குமா?" வர்ணனையாளருக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது. 'சின்னப் பையன்' தானாக உதிர்ந்துபோனது.

சில வாரம் கழித்து, அவள் முதலாளியின் அறையில் புதுப் போஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தபோது சாம்பியன் உள்ளே வந்தான். மலை என்பது அவன் பட்டப்பெயர். கதவில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

"இந்தத் தடவை அவங்க ரெண்டு பேரையும் கடைசியா விடுங்க. நான் முன்னாடியே ஆடிடறேன்" என்றான்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "பைத்தியமா உனக்கு? நீ சாம்பியன்டா! கடைசி ஆட்டம் உன்னோடதுடா!"

"அதனாலதான் சொல்றேன். போன தடவை அவங்க இறங்கினதும் நான் ஏறினேன். நான் கர்ஜிக்கிறேன், ஜனம் இன்னும் மாமா மச்சான் கதையையே பேசிட்டிருக்கு. வயிறு நெறஞ்சவன் முன்னாடி தட்டை வெச்ச மாதிரி ஆயிடுச்சு." அவன் அவளைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான். "எனக்கும் அவங்க ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கணும்மா."

முதலாளி சுவரில் தொங்கிய தன் பழைய படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு அவளிடம் சொன்னார்: "போஸ்டரை மாத்தும்மா."

ஆட்டம் நடந்த அன்றைக்கு அரங்கத்தில் எள் விழ இடமில்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "ஐம்பத்தெட்டு கிலோ! பம்பரம்!" என்றபோது கூரை அதிர்ந்தது. "ஐம்பத்தாறு கிலோ! ஊசி!" இன்னும் அதிர்ந்தது. மறைத்து வைத்திருந்த எடை விருதுபோல முழங்கியது. பாதி ஜனம் "மாமா!" என்று கத்தியது, மீதி "மச்சான்!" என்று பதிலுக்குக் கத்தியது.

இருவரும் அவசரப்படவில்லை. பிடித்தார்கள், உருண்டார்கள், முறைத்தார்கள். பம்பரம் கயிற்றில் ஏறினான், ஊசி நகர்ந்துகொண்டதும் இறங்கினான். மறுபடி ஏறினான், மறுபடி இறங்கினான். "தாவுடா!" என்று ஒரு கிழவர் அழாத குறையாகக் கெஞ்சினார்.

கட்டுப்பாட்டு அறையில் அவள் மைக்கில் சொன்னாள்: "கேமராவைப் பின்னாடி கொண்டுபோங்க. இன்னும் பின்னாடி. அப்படியே நில்லுங்க."

பம்பரம் தாவினான். கயிறு, விளக்குகள், அண்ணாந்த ஆயிரம் முகங்கள், நடுவில் சுழலும் ஒரு மெலிந்த உடம்பு, எல்லாம் ஒரே படச்சட்டத்துக்குள் முழுசாக இருந்தன. அரங்கத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கடைசி நொடியில் ஊசி உருண்டு விலகினான், விழுந்தவனை மடக்கி அமுக்கினான், நடுவர் தரையைத் தட்டினார். முதலாளி முடிவு செய்தபடியே ஊசி ஜெயித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் முடிவு செய்திருக்கவில்லை. பம்பரம் தள்ளாடி எழுந்து, ஊசியின் காதில் இத்தனை வருஷம் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான். ஊசி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு அலாக்காகத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ரிங்கைச் சுற்றி வந்தான். முன்வரிசையில் மலை இரண்டு கையையும் உயர்த்திக் கூவிக்கொண்டிருந்தான். 'மாமா', 'மச்சான்' இரண்டும் ஒன்றாகக் கலந்து எது எதுவென்று தெரியாத முழக்கமாகிவிட்டது. அவள் திரைக்கு முன்னால் நின்று, கன்னத்தைத் துடைக்கவும் மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெளியே வந்தபோது நடைபாதையில் கம்பெனியின் ஒல்லி வீரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். அதில் வெட்டுக்கிளி என்று பெயரெடுத்தவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அக்கா, எனக்கும் ஒரு மாமியார் இருக்காங்க. சாதாரண மாமியார் இல்ல. கேமராவை எப்ப எடுத்துட்டு வர்றீங்க?"