மணையில் உட்காராத பாண்டிமீனா

தல்லாகுளத்துப் பாண்டிமீனா பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் தூங்குவாள். மாடியில் டியூஷன் எடுக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஒரு பாடச் சந்தேகம் மனசில் உறுத்திக்கொண்டிருந்தால் அவள் முழங்கால் மடங்காது. கடல் தண்ணீர் ஏன் உப்பு, தவளை எப்படி மூச்சு விடுகிறது, பாபர் எந்த வழியாக வந்தார், எதுவானாலும் சொல்லி முடித்தால்தான் உட்கார முடியும். பரீட்சைக் காலத்தில் பீரோவில் சாய்ந்து, கால் மாற்றிக் கால் மாற்றி விடிய விடிய நிற்பாள். கேஸ் சிலிண்டர் தாமதமாவதைப் போல இதுவும் ஒரு தொந்தரவு என்று தெரு விட்டுவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் விடவில்லை. உட்காராதது திமிர் என்று இரண்டு சம்பந்தம் கைநழுவியது. அதனால் இம்முறை அப்பா சின்னச்சாமி எல்லாவற்றையும் கோடை விடுமுறையில் வைத்தார். லீவில் எந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வரும்? மாப்பிள்ளை அருள்பாண்டி துபாயில் இன்ஜினியர். அவன் அம்மாவும் அத்தையும் வந்தபோது பாண்டிமீனா சமத்தாகப் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். போட்டோவிலேயே அவனைப் பிடித்துவிட்டது. இதுவும் போய்விடக் கூடாதே என்று தவித்தாள்.

வைகாசி முகூர்த்தத்தில், வண்டியூர் மண்டபத்தில், மணைக்கு முன்னால் முழங்கால் விறைத்துக்கொண்டது. மாலையும் கழுத்துமாக இறங்கி, பந்தி, சமையல்கட்டு என்று ஓடி ஓடிப் பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"மணையிலகூட உக்கார மாட்டாளாம். இது சரிப்படாது, கெளம்புங்க."

அருள்பாண்டி தலை குனிந்தபடியே, "இருங்கத்தை, சந்தேகம் எனக்குத்தான்" என்றான். பிறகு பாண்டிமீனாவிடம் சொன்னான்: "பின்னத்தால வகுக்கச் சொன்னா ஏங்க தலைகீழாத் திருப்பிப் பெருக்குறோம்? ஸ்கூல்ல கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பொறவு யார்ட்டயும் கேக்கல. நீங்க டீச்சர்னு தெரிஞ்சதுலேருந்து உறுத்துது."

இன்ஜினியரைப் பார்த்து மண்டபமே சிரித்தது. பாண்டிமீனா சிரிக்கவில்லை.

"ஆறு இட்லி இருக்கு. ஆளுக்கு அரை இட்லி வச்சா எம்புட்டுப் பேரு சாப்பிடலாம்?"

"பன்னெண்டு."

"ஒரு இட்லி ரெண்டு பேருக்கு ஆகுதுல்ல? அதான் ரெண்டால பெருக்குறோம்."

"அம்புட்டுத்தானா" என்றான். அவன் முகம் தெளிந்தது. அவள் முழங்கால் மடங்கியது. கெட்டிமேளம் கொட்டியது. இரண்டாவது முடிச்சு விழும்போது, ஆளுக்கு முக்கால் இட்லி வைத்தால் என்ன கணக்கு என்று அத்தைக்கு யோசனை ஓடியது. பாண்டிமீனா எழுந்துவிட்டாள். அருள்பாண்டியும் கூடவே எழுந்து, நின்றபடியே மூன்றாவது முடிச்சைப் போட்டான்.