கடித்தவளுக்கு எண்ணெய் இல்லை

வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் றெஜி கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துப் பூசையும் முடிஞ்சுது. உன்ரை முயல் இன்னும் சேரேல்லையோ?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

லவீனா முயல் கூட்டைத் திறந்தாள். ஒரே கூட்டில் வளர்ந்த இரண்டு பெட்டை முயல்கள். போன மாதம் திடீரென்று சண்டை. செம்பி, மூக்கியின் காதைக் கிழித்துவிட்டாள். றெஜியின் தாய், மாமி அருமைநாயகி, தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இந்த ஞாயிறு இரண்டும் சேராவிட்டால், செம்பி சட்டிக்குள்.

லவீனா நடுவே கம்பிவலை அடித்தாள். மணம் பழகட்டும் என்று இருவரும் படுக்கும் சாக்கையும் மாற்றி மாற்றிப் போட்டாள். நேற்று வலையின் இரு பக்கமும் முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. இனி யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்கவேண்டும். இரண்டும் கால் வைக்காத இடம் குளியலறை மட்டும்தான்.

இரண்டையும் அங்கே இறக்கிவிட்டாள். செம்பி மோந்தாள். காதுகள் பின்னால் சாய்ந்தன. பாய்ந்தாள்!

மயிர் பறந்தது. லவீனா துவாயை எறிந்து செம்பியை அமுக்கினாள். மறுகையால் மூக்கியைத் தூக்கினாள். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தாள்.

எண்ணெய்.

"மாமி! மூக்கியின்ரை காதிலை என்ன பூசினனீங்கள்?"

"அந்தோனியார் கோயில் எண்ணெய். காயம் ஆறட்டுமெண்டு விடியப் பூசினனான். உன்னைக் கேட்டோ பூசவேணும்?"

"மணம் மாறிப்போச்சு. இவள் ஆரோ எண்டு செம்பி பாயுறாள். போத்திலைத் தாங்கோ, அவளுக்கும் பூசுவம்."

"கடிச்ச மூதேவிக்கு அந்தோனியாற்றை எண்ணெயோ? ஒரு சொட்டும் தரமாட்டன்." மாமி போத்திலை இடுப்பில் செருகினார். "தம்பி, தீட்டினது காணும். வா!"

றெஜியின் காலடி நெருங்கியது. லவீனா கதவை உள்ளே பூட்டினாள்.

"திறவடி! உடைச்சுப்போடுவன்!"

"உடையுங்கோ. நாளைக்கு மீன் பிடிச்சுக் கடலாலை வந்து றோட்டிலை நிண்டு குளியுங்கோ."

கதவு அதிர்ந்தது. லவீனா மூக்கியின் காதிலிருந்த எண்ணெயை உள்ளங்கையால் வழித்து, செம்பியின் நெற்றியில், கழுத்தில், முதுகில் அழுத்தித் தேய்த்தாள். மிச்ச எண்ணெயை மூக்கியின் முதுகில் பூசினாள். இரண்டையும் விட்டாள்.

செம்பி நெருங்கினாள். மோந்தாள். மெல்லத் தலையைத் தாழ்த்தி மூக்கியின் தாடைக்குக் கீழே வைத்தாள்.

இனி எல்லாம் கடிபட்டவள் கையில். மூக்கி அசையவில்லை. வெளியே றெஜி கதவில் உதைத்தான். மூக்கி துள்ளி ஒடுங்கினாள், செம்பியின் மேலேயே. பிறகு அவளுடைய நெற்றியை நக்கத் தொடங்கினாள்.

லவீனா கதவைத் திறந்தாள். கத்தியோடு நின்ற றெஜி முயல்களைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தான்.

"நடிக்குதுகள்," என்றார் மாமி.

"நீங்கள் சொன்ன சொல்லு, மாமி."

"ஓமடி, சொன்னனான். முயல் இருக்கட்டும். நீ இனி சமைக்க என்ரை குசினிக்குள்ளை கால் வையாதை."

"வைக்கமாட்டன்," என்ற லவீனா, கதவை அவர் முகத்தில் சாத்தினாள்.