வெர்லினின் கார் சூடாவதே இல்லை

எங்கள் பழைய கார் சங்கத்தில் யாருடைய காரும் சூடாவது கிடையாது. ஜூலை வெயிலில், பிட்டர் வெல்ஸ் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய, பெரிய எஞ்சின் வைத்த மசில் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது, பக்கத்தில் ஒரு மனிதர் இடுப்பில் கைவைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. எஞ்சினை நாலு பேர் பார்த்து ரசிக்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார். ஆவி வருகிறதே என்று கேட்டால், எஞ்சின் அவ்வளவு பெரியது என்று பொருள்.

இந்த விளக்கத்தை எங்களுக்கு அருளியவர் சங்கத் தலைவர் வெர்லின் ஹாஸ்கெட். இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். ஒரு விபத்தை விபத்தே இல்லை என்று விளக்குவதில் முப்பது வருட அனுபவம். அவரிடம் இருப்பது அறுபத்தொன்பதாம் வருடத்துச் சிவப்புக் கார். கூரையை மடித்துவிடலாம். ஏழு லிட்டர் எஞ்சின். அந்தக் காரில் அவர் மனைவி ஆர்டிஸ் எத்தனையோ இடங்களுக்குக் கிளம்பியிருக்கிறார். போய்ச் சேர்ந்ததெல்லாம் வேறு வண்டிகளில். தங்கையின் கல்யாணத்துக்கு, பழுதான கார்களை இழுத்துப்போகும் லாரியில் போய் இறங்கினார். தங்கள் கல்யாண நாள் விருந்துக்கு, வைக்கோல் ஏற்றிவந்த பிக்கப்பில்.

இந்த வருடம் ஜூலை நான்கு சுதந்திர தின ஊர்வலத்துக்கு ஆர்டிஸை நாயகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் பாதிப் பேரைச் சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் கொண்டுபோய் விட்டவர் அவர். ஊர்வலத்தில் அவர் வர அதே மஞ்சள் பஸ்ஸைத் தருவதாகப் பள்ளிக்காரர்கள் சொன்னார்கள். வெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. சங்கத் தலைவரின் மனைவி பஸ்ஸில் போவதா?

சங்கம் கூடியிருந்த டாட்டி உணவகத்துக்கே வந்து ஆர்டிஸ் முடிவைச் சொன்னார்.

"உன் கார்லயே வர்றேன், வெர்லின். பஸ்ஸுல அந்தப் பிள்ளைங்க எல்லாம் என் பின்னந்தலையத்தான் பார்த்திருக்குங்க. ஒரு நாளாவது முகத்தைப் பார்க்கட்டும். பின்சீட்டு மேல ஏறி உக்காந்துக்கறேன். ஆனா ஊர்வலம் கெளம்பற தீவனக் கடையில உக்காந்தா, அது முடியற கோர்ட்டு வாசல்லதான் எறங்குவேன். நடுவுல எறங்கச் சொன்னே, நீ பத்திரிகைக்காரனுக்கு எஞ்சின் காட்டிக்கிட்டே நில்லு, நான் பஸ்ஸுல ஏறிப் போயிருவேன்."

"போய்ச் சேர்றதுல என்ன சந்தேகம்?" என்றார் வெர்லின்.

ஆர்டிஸ் அவர் தட்டிலிருந்த பீச் பழ கேக்கில் பாதியை ஃபோர்க்கால் எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைய ஒரே விவாதப் பொருள், காருக்கு எந்த ரேடியேட்டர், எந்த ஃபேன் என்பது. ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியபோதுகூட இவ்வளவு காபி செலவாகியிருக்காது.

எஃப்ரென் கிஹாதா முதலில் ஆரம்பித்தார். கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அதுதான் வேதம் என்பவர். "தாமிர ரேடியேட்டர், எஞ்சினே சுத்துற பெரிய ஃபேன், ஃபேனைச் சுத்திக் கறுப்புக் கூடு. காரோட பொறந்ததை ஏன்யா கழட்டுறீங்க?"

"அது பொறந்தப்பவும் ரோட்டோரம்தான் நின்னுச்சு" என்றார் வெண்டெல் ப்ரூயிட். அவர் எண்களின் பக்தர். ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ரெண்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடு. வண்டி நின்னாலும் அது பாட்டுக்குச் சுத்தும்."

"உன்னோடது சுத்துது, ஒத்துக்கறேன். சுத்த ஆரம்பிச்சதும் ஹெட்லைட் அணைஞ்சு போகுதே? போன மாசம் வர்றது கார்னே தெரியாம உன் முன்னால ஒரு நாய் படுத்துருந்துச்சு."

"உன் கார் பக்கம் படுத்திருந்தா வெந்து போயிருக்கும். ரேடியேட்டர்ல அடைச்சிருக்கற பூச்சியை என்னைக்காவது கழுவியிருக்கியாய்யா?"

"அது ஒரிஜினல் பூச்சி."

வெர்லின் கையை உயர்த்தினார். அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார். எங்களிடம் கருத்துக் கேட்டது, நாங்கள் பாராட்ட ஒரு வாய்ப்புத் தருவதற்காக. ரேஸ் கார்களுக்கென்று செய்த அலுமினிய ரேடியேட்டர். கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டது. குனிந்தால் அதில் வெர்லினின் முகம் தெரியும். அதற்கு நடுவில் தட்டு அளவில் ஒரே ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். கறுப்புக் கூட்டைக் கழற்றிக் கராஜில் போட்டாயிற்று. அவர்கள் வீட்டுப் பூனை அதில் குடியேறிவிட்டது.

"ரேஸ் கார் எங்கய்யா நடந்து போவுது?" என்றார் எஃப்ரென். "எழுபது மைல் வேகத்துல போனா காத்து தானா உள்ள வரும். ஊர்வலத்துல ஃபேன்தான் இழுத்தாகணும். கூடு இல்லேன்னா ஃபேனுக்கு நேரா இருக்கற வட்டத்துலதான் காத்து போகும், மீதி ரேடியேட்டர் சும்மா வேடிக்கை பார்க்கும்."

முதல் தடவையாக வெண்டெலும் தலையாட்டினார். "அவன் சொல்றது சரி. கூட்டை மாட்டிரு வெர்லின்."

"கூட்டை மாட்டினா ரேடியேட்டர் தெரியாதேப்பா" என்றார் வெர்லின்.

அது நியாயம் என்றே எங்களுக்கும் பட்டது. வருடாவருடம் நாங்கள் தரும் கோப்பையே பானெட்டுக்கு அடியில் என்ன தெரிகிறது என்பதற்குத்தான்.

சோதனை ஓட்டமும் நடந்தது. வெர்லின் நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போய்த் திரும்பினார். வெப்பமானியின் முள் நடுவில் நின்றபடி அசையவே இல்லை. அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். நடக்கிற வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்றதற்கு, அது காரை அவமானப்படுத்துவது என்றார்.

ஜூலை நான்கு அன்று காலையிலேயே நூற்று எட்டு டிகிரி. முன்னால் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆர்டிஸ், பின்னால் பள்ளி பேண்டு, அதற்கும் பின்னால் குதிரைகள். கடைசியில், காலியாக, அந்த மஞ்சள் பஸ். சங்கத்து ஆட்கள் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு காரின் இரண்டு பக்கமும் நடந்தோம். வெர்லின் நட்சத்திரங்களும் கோடுகளும் போட்ட தொப்பியோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஆர்டிஸ் நீல உடையில் பின்சீட்டின் முதுகில் உட்கார்ந்து கையசைத்தார். ஓரத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர்களெல்லாம் பத்து வயதுப் பையன்களாகி, "மிஸ் ஆர்டிஸ்! மிஸ் ஆர்டிஸ்!" என்று கத்தினார்கள். "டாமி, சட்டையை உள்ள விடுடா!" என்று அவரும் கத்தினார். டாமி எங்கள் ஊர் வங்கி மேலாளர். விட்டுக்கொண்டார்.

மருந்துக்கடையைத் தாண்டியதும் முள் புறப்பட்டது.

வெர்லின் புன்னகை கலையாமல், உதடு அசையாமல் பேசினார். "எஃப்ரென். முள் ஏறுது."

"எவ்வளவு?"

"ஏறிக்கிட்டே இருக்கு."

"ஹீட்டரைப் போடு, முழுசா வை. கொஞ்சம் சூட்டை அது இழுத்துக்கும்."

"ஹீட்டரை எடுத்துட்டேன். எடை குறையட்டும்னு."

"உன் எடையைக் குறைச்சிருக்கலாம்யா!"

பானெட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளை இழை ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தை அதைக் காட்டிக் கைதட்டியது. வெர்லினின் இடது கை இண்டிகேட்டரை நோக்கிப் போனது. எங்களுக்கெல்லாம் அந்தக் கையசைவு மனப்பாடம். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, மலையைப் பார்ப்பதற்கான ஆயத்தம்.

"வெர்லின்," என்று மேலே இருந்து குரல் வந்தது. ஆர்டிஸ் கையசைப்பதை நிறுத்தவில்லை. "ஓரங்கட்டாதே."

"கண்ணு, எஞ்சின் போயிரும்."

"எஞ்சினை நிறுத்து. வண்டியை நிறுத்தாதே. நியூட்ரல்ல போட்டுட்டு எறங்கித் தள்ளு."

"நானா? நான் தலைவர்!"

"அப்ப முன்னால நின்னு தள்ளு."

யார் ஸ்டியரிங் பிடிப்பது என்ற கேள்வி எழுவதற்குள் வெண்டெல் தன் முதுகு வலியை அறிவித்தார். எங்கள் கார்கள் சூடாவதில்லை என்பது எவ்வளவு உண்மையோ, அவர் முதுகு வலியும் அவ்வளவே உண்மை என்பது தெரிந்ததுதான், விவாதிக்க நேரமில்லை. அவர் உள்ளே ஏறினார். வெர்லினும் எஃப்ரெனும் நாங்களும் டிக்கியில் கைவைத்துக் குனிந்தோம். மருந்துக்கடையிலிருந்து கோர்ட்டு வரை மேடு என்பது அன்றுதான் தெரிந்தது. பேண்டின் பெரிய மேளம் முதுகுக்குப் பின்னால் அடிக்க, அடிக்கொரு தள்ளு தள்ளினோம்.

"தாமிரமா இருந்தா..." என்று எஃப்ரென் மூச்சு வாங்கினார்.

"பேசாம தள்ளுய்யா" என்றார் வெர்லின். தொப்பி எப்போதோ விழுந்து குதிரைகளிடம் போய்விட்டிருந்தது.

அப்போது மேடையில் மைக் பிடித்திருந்தவர், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் தன் கடமையைச் செய்தார். "பாருங்கள்! நம் பிள்ளைகளை இத்தனை வருடம் சுமந்தவரை, இன்று எஞ்சினே இல்லாமல், தங்கள் கைகளாலேயே சுமந்து வருகிறார்கள்!" கூட்டம் எழுந்து நின்றது. ஓரத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வங்கி மேலாளர் டாமி சட்டையை மறுபடி வெளியே விட்டுக்கொண்டு தோள் கொடுத்தார். ஆர்டிஸின் பஸ்ஸில் போனவர்களெல்லாம் ஆளுக்கொரு கை வைக்க இடம் தேடினார்கள். கார் அன்றுதான் முதல்முறையாக, கிளம்பிய இடத்திலிருந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கோர்ட்டு வாசலில் ஆர்டிஸ் நிதானமாக இறங்கினார். வெர்லினின் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "நல்லா ஓடுது வெர்லின்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அறிக்கை வாசித்தார். ஊர்வலத்தின் பிற்பகுதி முழுவதும் முள் இறங்கிக்கொண்டே வந்ததாகவும், புதிய ரேடியேட்டர் தன் தகுதியை நிரூபித்துவிட்டதாகவும், நாயகியைத் தள்ளிச் செல்வது இனிச் சங்கத்தின் மரபு என்றும் அதில் இருந்தது. ஒருமனதாக நிறைவேற்றினோம். பிறகு, தள்ளுவதற்கு ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ நல்லதா, தோல் ஷூ நல்லதா என்று விவாதம் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்த காலத்து ஷூதான் என்றார் எஃப்ரென். வெண்டெல் உராய்வைக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

பத்திரிகையில் வந்த படத்தை ஆர்டிஸ் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். பேண்டு பக்கமிருந்து எடுத்த படம். தள்ளுகிறவர்களைத் திரும்பிப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். முகம் முழுசாகத் தெரிகிறது. வெர்லினுக்குப் பின்னந்தலை மட்டும்தான்.

வீட்டுக்கு வருகிறவர்களை வெர்லின் அந்தப் படத்துக்கு முன்னால் அழைத்துப் போகிறார். பானெட் பக்கமாக விரலை வைத்து, "நல்லாப் பாருங்க," என்கிறார். "துளி ஆவி தெரியுதா?"