யாருடைய முழங்கால்

எங்கள் வீட்டில் நான்தான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர் அரைப்படி. அவரும் அவர் தம்பியும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒருநாள்கூட வீட்டுக்குள் வந்ததில்லை. இடிக்கும்போதெல்லாம் நான் சிரிப்பேன். கணக்கு அதில் நேராகிவிடும்.

எங்களிடம் இரண்டு படகுகள் இருந்தன. மணல்மேட்டுக்கு உட்புறம் நீண்டு கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பை நாங்கள் உள்தண்ணி என்போம். அங்கே நண்டுக்கூடு வைக்கவும் இறால் பிடிக்கவும் ஒரு தட்டைப் படகு. முகத்துவாரத்தைத் தாண்டினால் வெளித்தண்ணி. அங்கே தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்க ஒரு கடல் படகு. உள்தண்ணிக்கு நாங்கள் மூன்று பேரும் போவோம். வெளித்தண்ணிக்கு அண்ணனும் தம்பியும் மட்டும்தான். "அலையில நீ நிக்க மாட்டடி" என்பார் அவர். நின்று காட்டுகிறேன் என்று நான் சொல்வேன். பேச்சு அப்படியே வேறு எங்காவது போய்விடும்.

உள்தண்ணியில் இறங்குவது எப்போதும் நான்தான். படகு தரை தட்டும்போல் இருந்தால் குதித்து, முன்னால் நடந்து, ஆழம் சொல்ல வேண்டும். மூங்கிலை ஊன்றிப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். சேறு எது, கெட்டித் தரை எது என்று மூங்கிலுக்குத் தெரியாது. என் பாதத்துக்குத் தெரியும். "கணுக்கால்!" என்று கத்தினால் கொழுந்தன் எஞ்சினை முழுக்கத் தூக்கிவிடுவான். "முழங்கால்!" என்றால் பாதி. "இடுப்பு!" என்றால் இறக்கி ஓட்டலாம். பாரமாக இருப்பவர்கள் இறங்கினால் படகு தானாக மிதக்குமே என்று நான் கேட்காத நாளில்லை. அண்ணன் மூங்கில் பிடித்திருப்பார், தம்பி எஞ்சின் பிடித்திருப்பான், இருவருக்கும் அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது.

இரண்டு படகுகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பழுதாயின. ஒன்றை ஒட்டினால் மற்றது ஒழுகும். மீன் பிடிக்கும் நேரத்தைவிட விரிசல் அடைக்கும் நேரம் அதிகமானது. இரண்டையும் கொடுத்துவிட்டு, உள்ளேயும் போய் வெளியேயும் போகிற ஒரே படகாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். முடிவு நல்லதுதான். அதற்குப் பிறகு கொழுந்தன் சொன்னதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது.

"ரெண்டுக்கும் போற படகுன்னு எங்க கிடைக்கும் அண்ணி? நல்ல கடல் படகா எடுத்துட்டா வருஷம் பூரா வெளியவே பாத்துக்கலாம். நீங்களும் எத்தனை காலத்துக்குச் சேத்துல நடப்பீங்க? கரையில உக்காந்து மீன் விக்கிறதப் பாத்துக்குங்க."

பாசத்தோடுதான் சொன்னான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கரையேறுவது என்றால் மற்றவர்களுக்குக் கஷ்டம் தீர்ந்தது என்று அர்த்தம். எனக்குக் கஷ்டமே அங்கேதான் தொடங்கும். தண்ணீரில் நிற்கும்போதுதான் நான் யாரையும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எல்லோரும் என் குரலுக்காகக் காத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டுத் தராசுக்குப் பின்னால் உட்காரவா? கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சோறு போட்டது எது என்று கேட்டேன். கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"சரி, ரெண்டுக்கும் ஏத்ததாவே பாக்குறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

படகுப் பட்டறைக்கு அவர்கள் போன காலையில் நான் நண்டுக்கூடு தூக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ஆயிரம் விளக்கு. அடிப்பகுதி கூராக இறங்கிய ஃபைபர் படகாம், அலையைக் கத்திபோல் வெட்டுமாம்.

"உள்தண்ணிக்கு?" என்றேன்.

"அதையும் கேட்டாச்சு" என்றார். "மேஸ்திரி எவ்வளவு ஆழம்னு கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே வாயா முழங்கால்னு சொன்னோம். டேப் எடுத்து என் காலை அளந்தாரு. பாரம் ஏத்தினாலும் அந்த ஆழத்துல ஓடுமாம். உனக்காகத்தான்டி அவ்வளவு விவரமா கேட்டேன்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எனக்காகக் கேட்டார் என்பதிலேயே குளிர்ந்துபோய்விட்டேன். அவ்வளவு லேசில் குளிர்கிற ஆள் இல்லை நான், ஆனாலும் குளிர்ந்தேன்.

வாங்குகிறவரின் தண்ணீரில் ஓட்டிக் காட்டாமல் படகைக் கொடுப்பதில்லை என்பது மேஸ்திரியின் வழக்கம். காதில் பென்சிலும் சட்டையெல்லாம் ஃபைபர் தூசியுமாக அவரே படகோடு வந்தார். எல்லோரும் ஏறினோம். இடுப்பு வாய்க்கால் என்று நாங்கள் சொல்லும் ஓடையில் படகு வெண்ணெயில் போவதுபோல் போனது. கொழுந்தன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அடுத்தது முழங்கால் திட்டு. அங்கே போனதும் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது.

பழக்கதோஷம், நான் குதித்தேன். குனிந்து பார்த்தேன். "முழங்கால்!" என்று கத்தினேன்.

"முழங்காலா?" மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "அப்ப ஏன் தட்டுது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறோம்" என்றார் என் வீட்டுக்காரர். "முழங்கால்ல ஓடும்னு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க? எங்க காதுல பூ சுத்தப் பாக்குறீங்களா?"

மேஸ்திரிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் பூ சுத்துற ஆளா? உங்க காலைத்தானே அளந்தேன்! இறங்குங்க. இறங்கிக் காட்டுங்க!"

என் வீட்டுக்காரர் இறங்கினார். அவர் உள்தண்ணியில் இறங்கி எத்தனை வருஷம் ஆயிற்றோ, கோழி சுடுமணலில் கால் வைப்பதுபோல் வைத்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு முழங்கால் வரை இருந்த தண்ணீர் அவருக்குக் கெண்டைக்காலில் நின்றது. அவர் இறங்கியதும் படகு லேசாக மிதந்தது. இத்தனை காலமாக நான் சொன்னதுதானே என்று சொல்ல வாய் துடித்தது. யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

நாலு பேரும் நாலு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "அளந்தது ஒரு காலு, கூவினது ஒரு காலா? இந்த மாதிரி ஆளுங்களுக்கு நான் படகு கட்டினதே இல்லையப்பா!"

"அப்ப இடுப்பு வாய்க்கால்?" என்றான் கொழுந்தன் மெதுவாக.

"என் இடுப்பு."

"கழுத்து மடு?"

"என் கழுத்து. உங்க அண்ணனுக்கு நெஞ்சு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஏதோ பெரிய ஏமாற்று வேலையின் குட்டு இப்போதுதான் வெளிப்பட்டதுபோல் பார்த்தான். நான் யாரை ஏமாற்றினேன்? இறங்கின கால் எதுவோ அதைத்தானே சொல்ல முடியும்? என் வீட்டுக்காரர் தண்ணீரையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணிக்கு அளவே நீதானாடி" என்றார். "எனக்கு இது தோணவே இல்ல பாரு." அவர் குரல் கம்மியிருந்தது. 

கொழுந்தனுக்கு அந்தப் படகை விட மனசில்லை. "அதுக்கென்ன அண்ணா, உள்தண்ணியை விட்டுருவோம். இப்படி ஒரு படகு மறுபடி அமையுமா?" என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"விடு" என்றேன். "கூடவே என்னையும் தண்ணி தெளிச்சு விட்டுரு. நீங்க ரெண்டு பேரும் அலையில போங்க, நான் கரையில உக்காந்து ஈ ஓட்டுறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. கடல் பொங்குற மாசத்துல இந்தக் கத்திப் படகை வீட்டு வாசல்ல நிறுத்தி அழகு பாரு. பசி எடுத்தா அதையே நக்கு!"

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அவ முழங்கால்தான் முழங்கால்" என்றார் என் வீட்டுக்காரர். "மேஸ்திரி, மறுபடி அளக்கணும்."

நாலு பேரும் தள்ளிப் படகை மீட்டோம். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கே போனோம். பசை வாடை மூக்கைத் துளைத்தது. மரத் தாங்கிகளில் நின்ற படகுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்; எனக்கு அதிகம் குனிய வேண்டியதில்லை. தட்டை அடி கொண்ட ஒன்று இருந்தது. உள்தண்ணிக்குத் தங்கம், வெளியே போனால் ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பைப் பதம் பார்க்கும் என்றார் மேஸ்திரி. தார்ப்பாய்க்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதற்குள் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார். முன்பக்கம் கூர், பின்னால் போகப் போகத் தட்டை, வயிறு அகலம்.

"வாத்து மாதிரி இருக்கு" என்றான் கொழுந்தன்.

"வாத்துதான் தரையிலயும் போகும், தண்ணியிலயும் போகும்" என்றேன்.

மேஸ்திரிக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது என்று அவர் டப்பாக்களை எடுத்த வேகத்திலேயே தெரிந்தது. "முன்னால அலையை வெட்டும் தங்கச்சி. பின்னால தட்டையா இருக்கிறதால தண்ணியில அதிகம் இறங்காது, எஞ்சினை நிறுத்தினாலும் ரொம்ப ஆடாது. ஆனா உண்மையச் சொல்லிடுறேன். ரெண்டு இடத்துலயும் இது முதல் பரிசு வாங்காது. எதிரலையில வேகத்தைக் குறைக்கணும்."

"பரிசு யாருக்கு வேணும்? போய்ட்டு வந்தா போதும்."

எஞ்சினை மாற்றி மாட்டி, பட்டறை ஓரத்து உள்தண்ணியிலேயே படகை இறக்கச் சொன்னேன். ஐஸ் பெட்டி இருக்கும் இடத்தில் மணல் மூட்டைகள், வலை இருக்கும் இடத்தில் இன்னும் சில மூட்டைகள், அதற்கு மேல் அண்ணனும் தம்பியும். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டேன். என் முழங்கால். "இப்ப எஞ்சினைப் பாதி தூக்கிட்டு வாங்க. தட்டினா இங்கயே சொல்லிடுவேன்" என்றேன். படகு என்னை உரசுவதுபோல் வந்து, தரையைத் தொடாமல், என் முழங்காலைச் சுற்றி ஒரு சின்ன அலையை எழுப்பிவிட்டு நின்றது. கையைத் தண்ணீருக்குள் விட்டு அடியைத் தடவிப் பார்த்தேன். தரைக்கும் அதற்கும் நடுவில் என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது.

"உள்ள சரி" என்றான் கொழுந்தன். "வெளிய இது தாங்குமா? அதையும் பாக்கணும்ல?"

நியாயமான கேள்விதான். "பாக்கலாம். நானும் வர்றேன்" என்றேன்.

"அலையில நீ..." என்று தொடங்கினார் என் வீட்டுக்காரர். நான் ஒரு பார்வை பார்த்தேன். மீதியை விழுங்கிவிட்டார்.

மேஸ்திரியும் ஏறிக்கொள்ள, மூட்டைகளோடு முகத்துவாரத்தைத் தாண்டினோம். முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கியது. இரண்டாவதில் தொப்பென்று விழுந்தது. பல்லெல்லாம் ஆடிவிட்டது. "வேகத்தைக் குறைடா!" என்று மேஸ்திரி கத்த, கொழுந்தன் குறைத்தான். அதற்குப் பிறகு படகு அலையோடு சண்டை போடாமல் ஏறி ஏறி இறங்கியது. நான் விளிம்பைப் பிடித்துக் காலை அகட்டி நின்றேன். குள்ளமாக இருப்பதில் ஒரு வசதி, விழுந்தாலும் அதிக தூரமில்லை. என் வீட்டுக்காரர்தான் தள்ளாடி என் தோளைப் பிடித்தார். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரின் நிறம் மாறியது. பச்சை போய்க் கருநீலம் வந்தது. கரை ஒரு கோடாகிவிட்டது. இத்தனை வருஷமாக இவர்கள் வந்து வந்து போன இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கொழுந்தன் எஞ்சினை நிறுத்தினான். வாத்து தன் அகன்ற வயிற்றைப் பரப்பிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தான், காலால் அடியை மிதித்துப் பார்த்தான், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு வாய் தவறி, உள்தண்ணியில் கேட்பதுபோலவே என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டான். "எவ்வளவு அண்ணி?"

நான் விளிம்பில் குனிந்து அந்தக் கருநீலத்தைப் பார்த்தேன். "தலைக்கு மேல" என்றேன்.

"யார் தலைக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். இப்போது உஷாராகிவிட்டார்.

"இங்க யார் தலையா இருந்தா என்னங்க? இங்க நீங்களும் நானும் ஒரே உயரம்தான்."

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்து, படகின் உள்பக்கத்தில் இது எங்களுக்கு என்று அடையாளமாக ஒரு கோடு கிழித்தார். கொழுந்தன் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு, தூண்டில் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தான்.